நட்சத்திரம் ஒன்று போதுமா?

சனிக்கிழமை இரவு பத்து மணி. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து உணவகம் ஒன்றில் பெரிய திரைக்கு எதிரே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. தே தாரிக் ஆறிப்போவதைக்கூடக் கவனியாமல் இளைஞர்கள் இங்கிலாந்து லீக் ஆட்டத்தில் மூழ்கியிருக்கிறார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இதே காட்சிதான். லிவர்பூல் அணியின் பதினொரு பேரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஒருவரிடம் சிலாங்கூர் அணியின் கோல்காவலர் யார் என்று கேட்டால் சற்றுத் தயங்குவார். மலேசியர்களுக்குக் காற்பந்தின்மீது ஆர்வமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால், அந்த ஆர்வத்தில் பெரும்பகுதி பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் ஆட்டங்களுக்கே போய்ச் சேருகிறது.

இதற்குக் காரணம் கேட்டால் பலர் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. "இன்னொரு மொக்தார் டஹாரி பிறக்கட்டும், அரங்கம் தானாக நிரம்பும்" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உள்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெரிய நட்சத்திரம் இருந்தால்தான் ஒரு நாட்டில் காற்பந்து வளருமா? அமெரிக்காவிலும் இதே கேள்வி பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. நம் நாட்டின் காற்பந்து வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இக்கேள்விக்கு எளிதில் தலையாட்ட முடியாது என்பது விளங்கும்.

மொக்தார் 1953ஆம் ஆண்டு கோலாலம்பூரின் செத்தாப்பாக் பகுதியில் பிறந்தார். சிலாங்கூர் அணிக்காகவும் நாட்டிற்காகவும் ஆடிய அவரை இரசிகர்கள் 'சூப்பர்மோக்' என்று அழைத்தனர். நாட்டிற்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்தவர் என்று அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா அவரை அங்கீகரித்துள்ளது. 1978ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கத்தில் இங்கிலாந்தின் 'பி' அணிக்கு எதிராக அவர் தனியாகப் பந்தைக் கொண்டுசென்று அடித்த கோலைப் பற்றி முதியவர்கள் இன்றும் கண்முன் நடந்ததுபோல் பேசுவார்கள். இயக்க நரம்பணு நோயினால் 1991இல், தம் 37ஆம் வயதில் அவர் காலமானார். நட்சத்திரம் என்ற சொல்லுக்கு மலேசியக் காற்பந்தில் வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

எனினும், மொக்தார் வெறும் திடலில் தனியாக வந்து நிற்கவில்லை. அவர் புகழ்பெறுவதற்கு முன்பே மலேசியா 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றிருந்தது. அங்கு மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும் அமெரிக்காவை 3-0 எனத் தோற்கடித்தது. ஆம், 2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியை ஏற்று நடத்தும் அதே அமெரிக்காவைத்தான். 1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலப் பதக்கம் வென்றது. 1980ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெற்றது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்ததால் அந்த ஆட்டக்காரர்கள் மாஸ்கோவுக்குப் போகவேயில்லை.

அக்காலத்து அணிப் பட்டியல்களை வாசித்தாலே போதும். தற்காப்பில் சோ சின் அன், சந்தோக் சிங். கோல் கம்பத்தின் முன் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைத் தட்டிவிடும் ஆறுமுகத்திற்கு 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயர் கிடைத்தது. தென்கொரியாவுக்கு எதிராக வெற்றி கோலை அடித்த ஜேம்ஸ் வோங் சபாவைச் சேர்ந்தவர். அவர்களுக்கு முந்திய தலைமுறையில் எம். சந்திரன், என். தனபாலன் ஆகியோர் தேசிய அணிக்கு ஆடினர். 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் 1980ஆம் ஆண்டு அணியின் கதையைத் தழுவியது. அப்படத்திலும் கதாநாயகன் ஒருவரல்லர். ஓர் அணியே கதாநாயகன்.

இவர்களில் பெரும்பாலோர் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்பதே அன்றைய வழக்கம். இரயில்வே, காவல்துறை, துறைமுகம், வங்கி என்று வேலையிடங்களுக்கெல்லாம் அணிகள் இருந்தன. தோட்டப்புறங்களில் லயத்து வீடுகளுக்கு அருகிலேயே ஒரு திடல் இருக்கும். பால்மரம் வெட்டி முடித்த பின்னர் மாலையில் பெரியவர்கள் ஆடுவார்கள். ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்ட சிறுவர்கள் நாளடைவில் உள்ளே இறங்குவார்கள். தோட்டத்திற்குத் தோட்டம் போட்டி நடக்கும். தன் ஊர்க்காரன், தன் உறவுக்காரன் ஆடுவதைப் பார்க்க வந்த கூட்டமே பின்னர் பேருந்து ஏறி மெர்டேக்கா அரங்கத்திற்கும் போயிற்று.

பிறகு என்ன நடந்தது? நட்சத்திரம் மறைந்ததால் கூட்டம் கலைந்தது என்று சொல்லிவிட முடியாது. 1994ஆம் ஆண்டு லீக் போட்டி முழுத் தொழில்முறை நிலையை அடைந்த வேளையில், பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தின் முடிவை விற்ற ஊழல் வெளிப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை செய்யப்பட்டனர். கைதட்டிய கோல் உண்மையான கோல்தானா என்ற ஐயம் ஒருவர் மனத்தில் புகுந்துவிட்டால், அடுத்த வாரம் அவர் நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்பாரா? அதே பத்தாண்டில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் வந்தது. ஐரோப்பிய ஆட்டங்கள் வாரந்தோறும் வரவேற்பறைக்கே வந்துவிட்டன. உள்ளூர்க் காற்பந்து இழந்தது முதலில் நம்பிக்கையை. இரசிகர்களை இழந்தது அதன் பின்னர்தான்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் உட்கார இடமில்லை. தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் மலேசியா இந்தோனேசியாவை 3-0 என வென்றது. மூன்று நாள் கழித்து ஜக்கார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2 என முன்னிலை பெற்று, அக்கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. அரசாங்கம் டிசம்பர் 31ஆம் நாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது. அந்த அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால், தேசிய அணியின் முன்னாள் ஆட்டக்காரர். அதற்கு முந்திய ஆண்டில் இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் சீ விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை மலேசியாவுக்குப் பெற்றுத் தந்தவரும் அவரே. 2010ஆம் ஆண்டு அணியில் உலகறிந்த நட்சத்திரம் எவருமில்லை. உள்ளூரில் வளர்ந்த இளைஞர்கள்தாம் இருந்தனர். காஜாங்கில் பிறந்த சஃபீ சாலி அத்தொடரில் ஐந்து கோல்கள் அடித்து நட்சத்திரமானார். அதாவது, வெற்றி பெற்ற அணியிலிருந்து நட்சத்திரம் உருவானது. நட்சத்திரம் வந்து அணியை உருவாக்கவில்லை.

ஆனால், அந்த மகிழ்ச்சியும் அடுத்த ஆண்டுகளின் லீக் ஆட்டங்களுக்குக் கூட்டமாக மாறவில்லை. தேசிய அணி 2018இல் ஃபிஃபா தரவரிசையில் 178ஆம் இடம்வரை இறங்கியது. விருந்துக்கு அழைத்துவிட்டு இலை போடாவிட்டால் வந்தவர்கள் எத்தனை நேரம் காத்திருப்பார்கள்?

பினாங்கின் கதை இதைவிட வியப்பானது. 2016ஆம் ஆண்டு பகாங் அணிக்கு எதிராக முகமட் ஃபாயிஸ் சுப்ரி உதைத்த பந்து காற்றில் எதிர்பாராத விதமாக வளைந்து வலைக்குள் புகுந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதை 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் சூரிக் நகரில் அவர் பெற்றார். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் அமர்ந்திருந்த மண்டபத்தில் ஒரு மலேசியர் மேடையேறினார். அதே ஆண்டின் இறுதியில் பினாங்கு அணி சூப்பர் லீக்கின் கடைசி இடத்தைப் பிடித்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

அமெரிக்கர்களின் அனுபவமும் இதற்கு ஒத்தே போகிறது. 1975ஆம் ஆண்டு நியூயார்க் கோஸ்மோஸ் அணி பிரேசிலின் பெலேயை அழைத்து வந்தது. அவர் ஆடிய நாள்களில் அரங்கங்கள் பொங்கி வழிந்தன. 1977இல் அவர் ஓய்வு பெற்றார். 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த லீக் போட்டியே மூடப்பட்டது. 1994இல் உலகக் கிண்ணத்தை நடத்திய பின்னர் 1996இல் பத்து அணிகளோடு புதிய லீக் தொடங்கியது. இம்முறை காற்பந்துக்கென்றே தனி அரங்கங்கள் கட்டினார்கள். இளையோர் பயிற்சிக் கழகங்களை வளர்த்தார்கள். பெக்காமும் மெஸ்ஸியும் அங்குப் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். இன்று அங்கு 30 அணிகள் உள்ளன. ஆண்கள் பிரிவில் உள்நாட்டு நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்த நாட்டில் பெண்கள் ஓசையின்றி முன்னேறினர். பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆடி வளர்ந்த அவர்கள், 1999ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தை 90,000 பேர் முன்னிலையில் வென்றனர்.

'வருங்கால நட்சத்திரம்' என்ற பட்டத்தை இளம் தோள்களில் ஏற்றுவதால் வரும் துன்பத்தையும் அமெரிக்கா கண்டது. கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஃப்ரெடி அடு 2004ஆம் ஆண்டு தம் 14ஆம் வயதிலேயே தொழில்முறை லீக்கில் ஆடத் தொடங்கினார். நாட்டின் காற்பந்தையே மாற்றப்போகிறவர் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அவர், பின்னர் அணிவிட்டு அணி மாறிக்கொண்டேயிருந்தார். நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். பகாங் மாநிலம் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரிலேயே இயங்கும் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்தவர் லுக்மான் ஹக்கிம். பதினேழு வயதில் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் அணி அவரை ஒப்பந்தம் செய்தபோது நாளேடுகள் கொண்டாடின. அங்கு அவருக்குத் திடலில் இறங்கக் கிடைத்த வாய்ப்பு மிகக் குறைவு. குறையை அந்த இளைஞர்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. ஆண்டுதோறும் இருபது பேர் வெளிநாடு சென்றால் ஒருவரின் தோல்வி செய்தியாகாது. ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு நாடே விமான நிலையத்தில் காத்திருந்தால் அவரால் எப்படி இயல்பாக ஆட முடியும்?

ஜொகூர் டாருல் தக்சிம் அணி வேறு வழியில் சென்றது. தொடக்கத்தில் அதுவும் நட்சத்திரத்தைத்தான் நாடியது. அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமாரை அழைத்து வந்தது. காயத்தால் சில ஆட்டங்களோடு அவர் 2014இல் விடைபெற்றார். ஆயினும், அவ்வாண்டு சூப்பர் லீக்கை வென்ற அந்த அணி, தொடர்ந்து ஆண்டுதோறும் வென்றது. 2015இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணியும் அதுவே. 2020இல் புதிய அரங்கமும் வந்தது. அதற்குப் பெரும் பொருள் வளம் துணைநின்றது என்பதை மறக்கக்கூடாது. ஒரே அணி வென்றுகொண்டிருந்தால் லீக் சுவைக்குமா என்ற கேள்வியும் நியாயமானதே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலைமை அவ்வளவு ஒளிமயமாக இல்லை. ஒரு காலத்தில் 80,000 இருக்கைகள் கொண்ட ஷா ஆலாம் அரங்கத்தைச் சொந்தமாகக் கொண்டாடிய சிலாங்கூர் அணி, அது பழுதடைந்த பின் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள சிறிய அரங்கத்திற்குக் குடிபெயர்ந்தது. கோலாலம்பூர் சிட்டி அணி 2021இல் ஜொகூரை 2-0 என வென்று 32 ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது; மறு ஆண்டு ஆசிய அளவிலான இறுதியாட்டம்வரை சென்றது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாக வளர்ந்து, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடிய அணியோ, 2022ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பிறகு விலகிக்கொண்டது. தமிழ் இளைஞர்கள் பலருக்குத் தேசிய அளவில் ஆட வாய்ப்பளித்த ஒரு வாசல் அத்துடன் அடைபட்டது.

நட்சத்திரத்தால் பயனே இல்லை என்பதல்ல இதன் பொருள். நெகிரி செம்பிலானுக்கும் ஜொகூருக்கும் ஆடிய எஸ். குணாளன் வலப்புறத்தில் பாய்ந்தோடுவதைத் தொலைக்காட்சியில் கண்ட தமிழ்ச் சிறுவன் ஒருவனுக்கு, 'நானும் போகலாம்' என்ற எண்ணம் தோன்றியிருக்கும். மொக்தார், ஆறுமுகம் காலத்து அணிகளில் தமிழ்ப் பெயர்கள் இயல்பாக இடம்பெற்றன. இன்று மிகச் சிலவே. அந்தச் சிறுவனுக்கு ஒரு முன்மாதிரி தேவை. ஆனால், எண்ணம் தோன்றிய மறுநாள் மாலை அவன் பந்தை எடுத்துக்கொண்டு எங்கே போவான்?

அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளைக்குக் கீழே வாகன நிறுத்துமிடம்தான் இருக்கிறது. ஃபுட்சால் அரங்கில் ஆட மணிக்கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும். பள்ளித் திடலோ மாலையில் பூட்டியிருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது லயங்களோடு அவற்றின் திடல்களும் போயின. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த, 2010ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் மக்கள் திரண்ட அந்தப் புக்கிட் ஜாலில்கூட ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம்தான். தேசிய அரங்கத்தின் விளக்குகள் எரியும் இரவுகளில், அதைச் சுற்றி எழுந்துள்ள அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடங்களில் இரண்டு காலணிகளைக் கோல் கம்பமாக வைத்துப் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள், காவலாளி வந்து விரட்டும்வரை.