நன்செய்யும் நஞ்சும்



நெல்லுக்கு நீர் உயிர் என்பதை நாம் இளமையிலேயே கற்றுக்கொள்கிறோம். ஆயின், வயலில் நீரை நிறுத்துவதும் வடிப்பதும் அரிசியில் ஏறும் நஞ்சின் அளவையே மாற்றக்கூடும் என்பதைச் சிலரே அறிவர். அது எங்ஙனம் என்பதை இரு நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஜப்பான் நாட்டின் தொயாமா மாநிலத்தில் ஜின்சூ என்றோர் ஆறு பாய்கிறது. அதன் மேற்புறத்தில் கமியோகா என்னும் சுரங்கத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுத்துவந்தனர். அதன் கழிவிலிருந்த காட்மியம் என்னும் உலோகம் ஆற்றில் கலந்தது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து சோற்றுக்கும் சென்றது. உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. எலும்புகள் நலிந்து முறிந்தன. நடுவயது கடந்த பெண்களே மிகுதியாகத் துன்புற்றனர். 'வலிக்கிறது, வலிக்கிறது' எனப் பொருள்படும் 'இதாய் இதாய்' என்ற அவர்களின் ஓலமே அந்நோய்க்குப் பெயராயிற்று. காட்மியமே அதற்குக் காரணம் என்று ஜப்பானிய அரசாங்கம் 1968-இல் அறிவித்தது.

வங்காளதேசத்தின் கதை வேறு. குளத்து நீரால் பரவும் நோய்களுக்கு அஞ்சி, அங்கே பல லட்சம் குழாய்க் கிணறுகளைத் தோண்டினர். அவற்றுள் பலவற்றின் நீரில் ஆர்சனிக் இருப்பது 1993-இல் தெரியவந்தது. பாஷாணம் என்று நம் முன்னோர் அஞ்சிய பொருள்களுள் சிலவற்றில் அடங்கியிருப்பது இதுவே. மழையற்ற பருவத்தில் விளையும் 'போரோ' நெல்லுக்கும் அத்தகைய நிலத்தடி நீரே பாய்கிறது.

இனி, மண்ணுக்குள் நிகழ்வதைக் காண்போம். நீர் தேங்கிய வயலில் காற்று மண்ணுக்குள் புகுவதில்லை. பிராணவாயு தீர்ந்தவுடன், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இரும்புத் துருவைக் கரைக்கத் தொடங்குகின்றன. துருவைப் பற்றிக் கிடந்த ஆர்சனிக் விடுபட்டு நீரில் கலக்கிறது. நெல்லின் வேர் சிலிக்கன் சத்தை ஏற்கும் அதே வழியாக அதனையும் உள்ளே ஏற்றுக்கொள்கிறது.

காட்மியமோ இதற்கு நேர்மாறானது. நீர் தேங்கி நிற்கையில் அது கந்தகத்தோடு கூடிக் கரையாப் பொருளாக மண்ணிலே தங்கிவிடுகிறது. நீரை வடித்து வயலைக் காயவிட்டால் காற்றுப் பட்டுக் கரைகிறது. வேர் அதனை ஏற்கிறது. ஒரு சிறையைப் பூட்டும் சாவியே மற்றொரு சிறையைத் திறந்துவிடுகிறது என்னலாம்.

ஆகவே, ஜப்பானில் காட்மியம் உள்ள நிலங்களில் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரங்கள் நீரை நிறுத்தி வைப்பர். ஆர்சனிக் உள்ள நிலத்திற்கோ, நம் உழவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என வழங்கும் முறை ஏற்றது. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னரே மீண்டும் பாய்ச்சுவர். பூக்கும் பருவத்தில் மட்டும் நீரை நிறுத்துவர். இதனால் ஆர்சனிக் குறைவதோடு நீரும் மிஞ்சுகிறது. ஆனால் இதே முறையைக் காட்மியம் மிகுந்த மண்ணில் கையாண்டால் தீமையே விளையும். இரு நஞ்சும் ஒருங்கே உள்ள நிலத்தில் நீர்ப் பாய்ச்சலால் மட்டும் தீர்வு காண்பது அரிது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். உலக உணவுத் தர ஆணையம் ஒரு கிலோ தீட்டிய அரிசியில் அனுமதிக்கும் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம நிலையிலுள்ள ஆர்சனிக் 0.2 மில்லிகிராம். கண்ணுக்கும் நாவுக்கும் புலனாகாத அளவு அன்றோ இது! நாள்தோறும் சோறுண்ணும் மக்களுக்கோ அச்சிறிதும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பெரிதாகிவிடும். ஜின்சூ ஆற்றங்கரை வயல்களின் மண்ணைச் சீர்திருத்தும் பணி 2012-இல்தான் முற்றுப்பெற்றது. நஞ்சு வயலில் புகுந்தபின் அதனை நீக்க ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது.

எனவே, எல்லா வயலுக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. மண்ணையும் நீரையும் முதலில் சோதித்தறிய வேண்டும். மடையைத் திறப்பதா அடைப்பதா என்பது அதற்குப் பிறகே முடிவாக வேண்டும். உங்களுள் வேதியியல் பயில்வோரும் வேளாண்மை பயில்வோரும் உழவரோடு வரப்பில் நின்று செய்ய வேண்டிய பணி இது.