மீண்டு வரும் பழுதுக் குறியீடு

காய்ச்சல் நோயன்று, உடலில் நோய் உண்டென்பதைக் காட்டும் குறியே அது. வெம்மையைத் தணித்த அளவில் நோய் நீங்கிற்று என எண்ணும் மருத்துவன் எத்துணைப் பிழைபடுவானோ, அத்துணைப் பிழை இக்கால மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்போரிடத்தும் பலகால் நிகழக் காண்கின்றோம். வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கொன்று எரிகின்றது. கருவியொன்றை இணைத்துக் குறியீட்டைப் படிக்கின்றனர். அது சுட்டுவதாகத் தாம் கருதும் உறுப்பினை மாற்றிக் குறியீட்டை அழிக்கின்றனர். விளக்கு அணைகின்றது. சின்னாள் கழிந்தபின் அதே விளக்கு மீண்டும் எரிகின்றது. இஃது ஏன் நிகழ்கின்றது, மெய்க் காரணத்தைக் காணும் நெறி யாது என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டு வாயிலாக ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதலாக விற்கப்படும் கார்கள் யாவும் தம் பொறியின் பழுதுகளைத் தாமே கண்டு பதிவு செய்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. புகைவழி வெளியேறும் நச்சு வாயுக்களைக் கட்டுப்படுத்துதலே இதன் நோக்கம். பதினாறு முனைகள் கொண்ட பொதுவான இணைப்பி வழியாக எவரும் அப்பதிவைப் படிக்கலாம். குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. ‘பி 0171’ என்பதை நோக்குக. ‘பி’ என்னும் எழுத்து பொறியையும் அதன் உந்தாற்றற் பகுதிகளையும் குறிக்கும். அடுத்துள்ள 0, அக்குறியீடு எல்லா உற்பத்தியாளர்க்கும் பொதுவானது எனக் காட்டும். பின்வரும் 1, பழுது வளியையும் எரிபொருளையும் அளந்தளிக்கும் பகுதியைச் சார்ந்தது என்பதை உணர்த்தும். 71 என்பது பழுதின் இயல்பு. அதாவது முதல் தொகுதி உருளைகளில் எரியும் கலவையில் எரிபொருள் குறைவு, வளி மிகுதி என்பதாம். இரண்டாம் தொகுதிக்கு இதே செய்தியைக் கூறுவது பி 0174.

இவ்விரு குறியீடுகளும் சேர்ந்து தோன்றுதற்குப் பெயர்பெற்ற பழைய உயர்தரக் கார், செருமனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தார் 1995 தொடக்கம் 2004 வரை ஆக்கிய ‘ஈ 39’ என்னும் ஐந்தாம் வரிசைக் காராகும். 2000ஆம் ஆண்டில் இதற்கு ‘எம் 54’ என்னும் பொறி பொருத்தப்பட்டது. ஆறு உருளைகளும் ஒரே நிரையில் அமைந்த இப்பொறியில், முதல் மூன்றும் ஒரு தொகுதி, பின் மூன்றும் மறு தொகுதி எனக் கணினி கொள்ளும்.

பெற்றோல் முற்றும் எரிதற்கு அதன் திணிவைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு வளி வேண்டும். உட்புகும் வளியை ஓர் உணரி அளக்கின்றது. அதற்கேற்ற பெற்றோலைக் கணினி செலுத்துகின்றது. எரிந்து வெளியேறும் வாயுவில் எஞ்சிய ஒட்சிசனை வேறோர் உணரி நோக்குகின்றது. ஒட்சிசன் மிகுந்தால் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ற்றுக்குத் தாழும், குறைந்தால் 0.9 வோல்ற்றளவுக்கு உயரும். இதனைக் கண்டு கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் கலவையைத் திருத்துகின்றது. நீடித்துத் தேவைப்படும் திருத்தத்தை நினைவிலும் வைத்துக்கொள்கின்றது. இத்திருத்தம் நூற்றுக்குப் பத்துக்குட்பட்டிருப்பின் அதனைப் பெரும்பாலும் குறையாகக் கொள்வதில்லை. கூட்டிக் கூட்டியும் போதாது உற்பத்தியாளர் வகுத்த எல்லையைத் திருத்தம் கடக்குமாயின், அப்பொழுதே குறியீடு பதிவாகின்றது.

இதனின்று பெறப்படுவது யாது? பி 0171 என்பது ‘இன்ன உறுப்புக் கெட்டது’ என்னும் தீர்ப்பன்று; ‘என்னால் இயன்றவரை திருத்தினேன், இனி இயலாது’ என்னும் கணினியின் முறையீடே. பழுதோ அதற்கு நெடுநாள் முன்னரே தோன்றி வளர்ந்து வந்துள்ளது. இவ்வுண்மையை உணராதோர் ஒட்சிசன் உணரியையே முதலிற் கழற்றி எறிகின்றனர். உள்ள நிலையை உள்ளவாறு உரைத்த தூதன் அவ்வுணரி. தூதனைக் கொல்லுதல் முறையன்று என வீடணன் இராவணனுக்கு உரைத்த அறிவுரை இங்கும் பொருந்துவதாகும்.

காரணத்தைக் காண விழைவோன் மூன்று வினாக்களை முறையே எழுப்புதல் வேண்டும். முதலாவது, பழுது ஒரு தொகுதியிலா, இரண்டிலுமா என்பது. இரண்டிலும் எனின் இரண்டிற்கும் பொதுவான காரணத்தையே முதற்கண் தேடுதல் தகும். ஒன்றில் மட்டும் எனின் அத்தொகுதியின் பெற்றோற் பீச்சி, உள்ளெடுப்பு வாயின் அடைப்புத்தகடு, உணரிக்கு முன்னுள்ள புகைக்குழாயின் வெடிப்பு ஆகியவற்றை நோக்குக.

இரண்டாவது, திருத்தம் எந்நிலையில் மிகுகின்றது என்பது. அளக்கும் உணரியைக் கடந்தபின் ஒரு வெடிப்பு வழியாகச் செக்கனுக்கு ஒரு கிராம் வளி களவாக நுழைகின்றது எனக் கொள்வோம். பொறி மெல்ல இயங்கும்போது அளந்த வளி 4 கிராம் எனின் நூற்றுக்கு 25 பங்கு பெற்றோல் மிகையாக வேண்டும். விரைந்து இயங்கி 40 கிராம் வளி கொள்ளும்போது அதே கசிவு நூற்றுக்கு 2.5 பங்கே ஆகும். ஆகவே நிற்கும்போது மிகுந்து, விரையும்போது தணியும் திருத்தம் வளிக்கசிவைக் காட்டும். மாறாக, மேடேறும்போதும் விரையும்போதும் மிகுமாயின் பெற்றோற் பம்பியோ வடிகட்டியோ தளர்ந்திருக்கலாம். அல்லது வளியளக்கும் உணரி அழுக்கேறி அளவைக் குறைத்துரைக்கலாம்.

மூன்றாவது, குறியீடு தோன்றிய கணத்தில் நிலைமை எவ்வாறிருந்தது என்பது. பொறியின் வேகம், சுமை, குளிர்நீரின் வெப்பநிலை முதலியவற்றைக் கணினி அக்கணமே பதிந்து வைக்கின்றது. குறியீட்டை அழிப்போர் இச்சான்றையும் உடன் அழிக்கின்றனர். எனவே அழிக்குமுன் எழுதிக்கொள்ளல் இன்றியமையாதது.

எம் 54 பொறியில் இவ்வினாக்கள் பெரும்பாலும் வளிக்கசிவிடமே நம்மைக் கொண்டு சேர்க்கும். வளியளக்கும் உணரிக்கும் வளிக்கட்டுப்பாட்டு வாயிலுக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாய், ஆண்டுகள் பல செல்ல மடிப்புகளில் வெடிக்கும். மடிப்பை விரித்து நோக்கினாலன்றி வெடிப்புப் புலப்படாது. உள்ளெடுப்புக் குழாய்த் தொகுதியின் கீழே மறைந்துள்ள எண்ணெய் பிரிக்கும் வால்வில் மெல்லிய சவ்வொன்று கிழியும். அதனோடிணைந்த குழாய்கள் வெப்பத்தால் உடையும். பொறி மெல்ல இயங்கும்போது எண்ணெய் வார்க்கும் மூடியைத் தூக்க, அது கடுமையாக உள்ளிழுக்கப்படுமாயின் இச்சவ்வையே ஐயுறுக. யாவற்றினும் தெளிவான சோதனை, பொறியை நிறுத்தி உள்ளெடுப்பு வழியிற் புகையைச் சிற்றமுக்கத்துடன் செலுத்துவதாம். புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்தல் தருக்க நூலார் கூறும் பழைய எடுத்துக்காட்டு. இங்கோ புகை வெளிவரும் இடமே வெடிப்பைக் காட்சியாற் காட்டிவிடும்.

இனி, அழித்த குறியீடு சின்னாள் தோன்றாதிருத்தல் ஏன் எனின், அழிக்கும்போது பல வண்டிகளில் கணினி கற்று வைத்த திருத்தமும் நீங்கிச் சுழியாகின்றது. அது மீண்டும் முதலிலிருந்து கூட்டிக் கூட்டி எல்லையை அடைதல் வேண்டும். அடைந்த பின்னரும் பெரும்பாலும் அடுத்தடுத்த இரு ஓட்டங்களிற் பழுதைக் கண்டாலன்றி விளக்கு எரியாது. இவ்விடைக்காலமே நலம் பெற்றது போன்ற மயக்கத்தைத் தருகின்றது. பழைய காரை விற்போர் சிலர் இம்மயக்கத்தையே தம் வாணிகத்திற்குத் துணையாக்குவதும் உண்டு. வாங்குவோன் விளக்கு அணைந்திருத்தலை மட்டும் நோக்காது, கணினியின் தற்சோதனைகள் முடிவுற்றனவா என்பதையும் கருவியாற் படித்தல் வேண்டும். அவை முடிவுறாதிருப்பின், குறியீடு அண்மையில் அழிக்கப்பட்டிருத்தல் கூடும்.

உயர்தரக் கார் முதுமையடைய அதன் விலை வீழ்ந்தாலும் உறுப்புகளின் விலை அவ்வாறு வீழ்வதில்லை. ஊகத்தால் ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றுவோன், வண்டியின் விலையையே அவற்றிற்குச் செலவிட்டும் சிறியதோர் இறப்பர்க் குழாயின் வெடிப்பைக் காணாதிருக்கக்கூடும். அக்குறை நீடிப்பின் உருளைகளில் எரிதல் தவறும். எரியாத பெற்றோல் புகைவழியிலுள்ள ஊக்கி மாற்றியிற் சென்று எரிந்து அதனையும் கெடுக்கும். ஆதலின் மீண்டு வரும் குறியீட்டைத் தொல்லையெனக் கருதி அழித்தல் தகாது. ‘காரணம் இன்னும் காணப்படவில்லை’ என அது திரும்பத் திரும்பச் சொல்லுகின்றது. அளந்து பார்த்த பின்னரே ஓர் உறுப்பைக் கழற்றுவது என்னும் ஒழுங்கைக் கைக்கொள்வோர்க்கு அக்குறியீடே வழிகாட்டியாகும்.