குழந்தையின் சிறுநீரகக் கட்டியும் குடும்பத்தின் நோய் வரலாறும்

குழந்தையின் வயிற்றில் கட்டி இருப்பதாக அறியும் பெற்றோர், உயிருக்கு ஆபத்து உண்டா என்றே முதலிற் கேட்பர். வைத்தியரோ, "உங்கள் குடும்பத்தில் வேறு எவருக்காவது கட்டி வந்ததுண்டா?" என்று வினவுவார். இவ்வினாவுக்கு எம்மவர் பலர் யோசியாமலே "இல்லை" என்று கூறிவிடுகின்றனர். அந்தப் பதில் எத்துணை முக்கியமானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் தசை, நார் முதலிய மென்னிழையங்களின் தன்மை கொண்ட கட்டிகள் தோன்றுவது மிக அரிது. நுணுக்குக்காட்டியில் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றுவதால், அவற்றைப் பிரித்தறியப் பரம்பரையலகுகளில் உள்ள அடையாளங்களை ஆராய்கின்றனர். இவ்வடையாளங்கள் இருவகைப்படும்.

முதலாவது வகை கட்டியில் மட்டுமே காணப்படுவது. கைக்குழந்தைகளின் சிறுநீரகத்தில் உண்டாகும் ஒருவகைக் கட்டியில் 12ஆம், 15ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து, இடம்மாறி ஒட்டியிருப்பதை வன்கூவர் ஆய்வாளர்கள் 1998இல் கண்டறிந்தனர். இது பெற்றோரிடமிருந்து வருவதன்று. உடன்பிறந்தோருக்கும் இதனால் ஆபத்தில்லை. இத்தகைய மாற்றமுள்ள கட்டிகளுக்கான லரோட்ரெக்டினிப் என்னும் மருந்துக்குக் கனடா 2019இல் அனுமதி வழங்கியது.

இரண்டாவது வகை இரத்தத்திலும் உள்ளது. தலைமுறை தலைமுறையாகத் தொடரக்கூடியது. 14ஆம் நிறமூர்த்தத்திலுள்ள டைசர்-1 என்னும் பரம்பரையலகு இதற்குச் சான்றாகும். ஏனைய பரம்பரையலகுகளைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய ஆர்.என்.ஏ. துண்டுகளை நறுக்கித் தருவது இதன் பணி. இதில் ஏற்படும் விகாரம் குழந்தைகளின் நுரையீரற் கட்டிக்குக் காரணமாகலாம் என்பது 2009இல் வெளியாயிற்று.

அதன் பின்னர் முக்கியமான ஆய்வுகள் பல, ரொக்ஸ்பரோ மக்களாகிய நாமும் சிகிச்சைக்குச் செல்லும் இதே மொன்றியல் நகரிலேயே நடைபெற்றன என்பது குறிப்பிடத்தக்கது. மக்கில் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபோக்ஸும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் சிறுநீரக நீர்க்கட்டிக்கும் இவ்விகாரத்துக்கும் உள்ள தொடர்பை 2010இலும், குடும்பங்களிற் தொடரும் கழுத்துக் கழலையுடன் உள்ள தொடர்பை 2011இலும், சிறுநீரகத்தின் கொடிய மென்னிழையப் புற்றுநோயுடன் உள்ள தொடர்பை 2018இலும் வெளியிட்டனர்.

பெற்றோரில் ஒருவருக்கு இவ்விகாரம் இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. எனினும் விகாரமுள்ளோரிற் பலர் கட்டியெதுவுமின்றி நலமாகவே வாழ்கின்றனர். உண்மை முன்னரே தெரிந்தால், சிறுபிள்ளைகளை எக்ஸ்ரே, ஸ்கான் மூலம் கவனித்து, கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். கழலைகளிற் பெரும்பாலானவைக்கும் இவ்விகாரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் குழந்தையொன்றுக்கு அரிய கட்டி வந்துள்ள குடும்பத்தில், அம்மம்மாவின் கழலைச் சத்திரசிகிச்சையும், சித்தியின் சூலகக் கட்டியும், இளவயதில் இறந்துபோன மாமாவின் நோயும் வைத்தியருக்குப் பெறுமதியான தடயங்களாகும்.

இடம்பெயர்ந்த எமக்கு இத்தடயங்களைத் திரட்டுவது எளிதன்று. வைத்தியக் குறிப்புகள் ஊரிலேயே அழிந்துபோயின. உறவினர் பல நாடுகளிற் சிதறியுள்ளனர். "குமர்ப்பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும்" என்று நோயை மறைக்கும் வழக்கமும் எம்மிடையே உண்டு. காப்புறுதி கிடையாது போய்விடும் என்று அஞ்சுவோரும் உளர். பரம்பரையலகுப் பரிசோதனை செய்யுமாறோ அதன் முடிவை வெளியிடுமாறோ எவரையும் ஒப்பந்தத்துக்காக வற்புறுத்தலாகாது எனக் கனடா 2017இல் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2020இல் அதனை உறுதிசெய்தது. எனினும் ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய் பற்றிக் கேட்பதை இச்சட்டம் தடுக்காது.

ஆதலால் ஊரிலுள்ள பெரியம்மாவிடமும் இலண்டனிலுள்ள சித்தப்பாவிடமும் பேசுங்கள். யாருக்கு, எந்த வயதில், உடலின் எப்பகுதியில் கட்டி வந்தது என ஒரு தாளில் எழுதி வையுங்கள். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். "இவ்வடையாளம் கட்டியில் மட்டுமா, இரத்தத்திலும் உள்ளதா?" என்று வைத்தியரிடம் வினவத் தவறாதீர்கள். நோயுற்ற பிள்ளையின் சிகிச்சைக்கு மட்டுமன்றி, அதன் உடன்பிறந்தோரின் பாதுகாப்புக்கும் அவ்விடை அவசியமானது.