பரங்கிமலையும் பரங்கிக்காயும்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் போகிறவர்கள் பரங்கிமலை ஸ்டேஷனைத் தினமும் பார்க்கிறார்கள். அந்த மலைக்கும் வீட்டில் கூட்டுச் செய்யும் பரங்கிக்காய்க்கும் என்ன உறவு என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

அராபியரும் பாரசீகரும் ஐரோப்பியருக்கு இட்ட பெயர் தமிழில் 'பரங்கி' ஆயிற்று. 1523ல் போர்த்துகீசியர் அம்மலைமீது மாதா கோயில் கட்டினார்கள்; அது பரங்கிமலை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த காய், பரங்கிக்காய்.

மிளகாயும் அதே கண்டத்துப் பிறவிதான். ஆனால் அதன் காரத்தைக் கண்ட நம்மவர்கள், மிளகின் பெயரையே அதற்குச் சூட்டிச் சொந்தமாக்கிக் கொண்டார்கள். வேடிக்கையைக் கேளுங்கள்! தமிழ்ப் பெயர் பெற்ற மிளகாய்க்குத் திவசத்தன்று பல வைதிக இல்லங்களின் அடுக்களையில் இன்றும் இடமில்லை; மிளகுதான் உண்டு. அந்நியப் பெயர் சுமந்த பரங்கிக்காயோ பொங்கல் குழம்பில் ஜம்மென்று அமர்ந்திருக்கிறது!

பொங்கலுக்கு முந்திய நாள் தாம்பரம் மார்க்கெட்டில், கோயமுத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் மகளுடன் வந்தார்.

"அரசாணிக்காய் என்ன விலைங்க?"

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் கடைக்காரர். அவர் முன்னால் குவிந்து கிடந்தது அதுதான்.

"இதோ இருக்குதுங்களே!"

"இதுவா? பரங்கிக்காய்னு கேளுங்கம்மா!"

மகளும் சிரித்தாள். அம்மாள் ஒரு கணம் தயங்கினார்.

"சரி, பரங்கிக்காய் அரைக் கிலோ கொடுங்க."