மலையிறங்கிய வழியிற் கண்டவை

இத்தாலி நாட்டின் பழைய சிற்றூர்களைக் காண விரும்புவோர், குடும்பத்தோடு மோட்டார் வண்டியிற் புறப்பட்டு, உரோமாபுரியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் அப்பிய நெடுஞ்சாலையை ஒட்டித் தங்கித் தங்கிச் செல்வதுண்டு. கி.மு. 312இல் அதனை அமைக்கத் தொடங்கிய அப்பியுஸ் கிளாடியுஸ் என்பானின் பெயரே இன்றும் அதற்கு வழங்குகின்றது. அச்சாலையின் இருமருங்கும் கல்லறைகள் உள. அவற்றுட் சில அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோருடையவை. அவர்தம் பெயர்களும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் வழிப்போக்கர் அப்பெயர்களைப் படித்துச் செல்கின்றனர்.

நம் மலைநாட்டிலும் வரலாறு செறிந்த சிற்றூர்களைக் கோத்துச் செல்லும் வழி ஒன்றுண்டு. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கும், கண்டியிலிருந்து மாத்தளைக்கும் செல்லும் வழியே அது. நம் முன்னோர் மாத்தளையிலிருந்து மலையேறினர்; நாம் மலையிலிருந்து மாத்தளைக்கு இறங்கலாம். சென்ற விடுமுறையில் மனைவி மக்களோடு பட்டிப்பொலவிலிருந்து வாடகை வண்டியிற் புறப்பட்ட யான் அவ்வாறே சென்றேன்.

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடி உயரத்தை எட்டி நிற்பது. இலங்கையில் இதனினும் உயர்ந்த நிலையம் வேறில்லை. 1885இல் நானுஓயாவரை வந்த இருப்புப்பாதை, இம்முகட்டைத் தாண்டி 1893இல் அப்புத்தளையை அடைந்தது. பனியிலும் மழையிலும் மலையைக் குடைந்து அதற்கு வழிசெய்த தொழிலாளர் எவர் பெயரையும் நிலையத்திற் காண்டல் அரிது.

அம்பேவளையைக் கடந்து நுவரெலியாவை அடைந்தால், அங்குள்ள ஏரி தேசாதிபதி கிரகரியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. லபுக்கலைத் தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து இறங்கினால், இறம்பொடை அருவிகளின் ஓசை செவியில் விழும். கீழே விரிந்து கிடப்பது கொத்மலை நீர்த்தேக்கம். 1985இல் நிறைவெய்திய அவ்வணைக்காகப் பல சிங்களக் கிராமங்கள் நீரில் மூழ்கின. பெயரிழந்தோர் ஓர் இனத்தவர் மட்டும் அல்லர் என்பதை அந்நீர்ப்பரப்பு நமக்கு உணர்த்துகின்றது.

புசல்லாவையில் உள்ளது ரொத்சைல்ட் தோட்டம். 1841இல் அங்கே கோப்பித் தோட்டம் அமைத்த வேர்ம்ஸ் உடன்பிறந்தார், தம் உறவினரான ஐரோப்பியச் செல்வக் குடும்பத்தின் பெயரை அதற்கு இட்டனர். அதற்கும் முன்னே, 1820களில், ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் அமைத்தார். தென்னிந்தியத் தமிழர் இம்மலைகளுக்கு உழைக்க வந்த வரலாறு அக்காலத்திலேயே தொடங்குகின்றது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதேயன்றிப் பாடுபட்ட கைகள் மாறவில்லை.

கம்பளை, 14ஆம் நூற்றாண்டில் சிங்கள மன்னரின் தலைநகராய் விளங்கிய ஊர். அங்கிருந்து சிறிது விலகிச் சென்றால் கடலாதெனிய விகாரையைக் காணலாம். நாலாம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344இல், திராவிடச் சிற்பமுறை தழுவிக் கட்டப்பெற்ற கற்கோயில் அது. அதனைச் சமைத்த தென்னாட்டுச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. விகாரையின் பாறைச் சாசனமே அப்பெயரை நமக்குத் தருகின்றது. பௌத்தப் பள்ளியொன்றில் தமிழகத்துத் தொழில்மரபைச் சேர்ந்தவன் பெயரைப் பொறித்துவைத்த அக்காலத்தாரின் பெருந்தன்மையை என்னென்பது!

அங்கிருந்து கடுகண்ணாவைக்குச் சென்றோம். கொழும்பு - கண்டிப் பாதையை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய உயர்ந்த கோபுரம் அங்கே நிற்கின்றது. அதில் எழுதியிருந்ததைப் படித்துப் பொருள் கூறினேன். என் இளைய மகள் கோபுரத்தை ஒருமுறை சுற்றிவந்து, “அப்பா, கல்லுடைச்சவங்க பேரு எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டாள். எந்தப் பக்கத்திலும் இல்லை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பெயரால் அழைத்துவரப்பட்ட சிங்களக் குடியானவர் அத்தகைய பாதைகளில் உழைத்தனர். 1344இல் சிற்பியின் பெயரைக் கல் ஏற்றது. ஐந்நூறு ஆண்டு செல்வதற்குள் உழைத்தவன் பெயருக்குக் கல்லில் இடமில்லாமற் போயிற்று. இதனை வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் எங்கள் செலவு முடிந்தது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டு வழியே கால்நடையாக வந்து முதலில் அடைந்த பெரிய ஊர் மாத்தளையே. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வழி அது. வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகி வழியில் வீழ்ந்தோர் பலர். வீழ்ந்த வீரனுக்குப் பெயர் பொறித்து நடுகல் நாட்டியது நம் பழந்தமிழ் மரபு. இவர்களுக்கோ நடுகல் நாட்டுவார் இல்லை. பிழைத்து மலையேறியோர் பெயரைக் கங்காணியின் கடன் கணக்கும் தோட்டத்துச் செக்ரோலுமே தாங்கின. பின்னர் 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என எண்ணிப் பகுத்தது. பெயர் போய் எண்ணே எஞ்சியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கு வழி பிறந்தது.

ஆயினும் நினைவு அற்றுப்போகவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்ட மக்கள், முன்னோர் நடந்த வழியே தாமும் நடந்து, ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தனர். இருநூறு ஆண்டு வரலாற்றை அவர்கள் காலால் எழுதினர். இனி அதனைக் கையாலும் எழுதுதல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூற விழைகின்றேன். வரலாற்றுப் பாடத்தில் தேசாதிபதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் நம் மாணவருட் பலர், தம் பாட்டனின் பாட்டன் பெயரை அறியார். தவணைக்கு ஒருமுறையேனும் அவர்களை வீட்டு முதியோரிடம் அனுப்புங்கள். முதலில் மலையேறியவர் யார், எந்த ஊரினர், உடன் வந்தோர் எவர், வழியில் இழந்தது யாரை எனக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். கல்லில் ஏறாத பெயர்கள் தாளிலேனும் ஏறட்டும். கேட்டுச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.