மணலில் தொடங்கிய பாடம்

1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். வேதபோதனை கேட்பவரின் தாய்மொழியிலேயே நடக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். தமிழ்வழிப் பள்ளிகள் நடத்தினார். பெண் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள் என்பது அக்காலத்துக்குப் பெரிய செய்தி.

இந்தப் பணிக்கான நூல்களை அச்சிட ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து கப்பலில் வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. காகிதமோ கிடைப்பதற்கு அரிது. ஆகவே பக்கத்துப் பொறையாறிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது.

1719இல் சீகன்பால்கு தரங்கம்பாடியிலேயே மறைந்தார். அங்கே ராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தில் அவரது கல்லறையைக் காணலாம்.