400 குருசாதோ: செலவும் இருப்பும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 16ஆம் நூற்றாண்டில் செய்த ஒரு செலவு 400 குருசாதோ. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழ் நூல்களை அச்சேற்றுவதற்காக அவர்கள் திரட்டிக் கொடுத்த பணம் அது. ஒரு போர்த்துக்கீசியக் குருசாதோவுக்கு 400 ரெய்ஸ் என்றால் மொத்தம் 1,60,000 ரெய்ஸ். மூச்சடக்கிச் சம்பாதித்த காசு.

அதற்கு வந்த பலன்: 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கம். மறு ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586இல், புன்னைக்காயலில் அச்சானதாகக் கொள்ளப்படும் ‘அடியார் வரலாறு’, ஏறத்தாழ 670 பக்கம். எட்டே ஆண்டில் பக்கக் கணக்கு 40 மடங்கைத் தாண்டிவிட்டது. அதுவும் கடற்கரை மக்கள் பேசிய தமிழை ஒட்டிய உரைநடையில்.

இருப்பைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. ‘தம்பிரான் வணக்கம்’ அறியப்பட்ட வரையில் ஒரே பிரதி; அது அமெரிக்காவில், ஹார்வர்ட் நூலகத்தில் இருக்கிறது. ‘அடியார் வரலாறு’ வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும் கிடைத்தது. கரையில் இருந்த பிரதிகள் உப்புக்காற்றுக்கும் கரையானுக்கும் போயிருக்கலாம். கைமாறிக் கைமாறிக் கிழிந்தும் இருக்கலாம். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனதையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும். பணம் கொடுத்த ஊரில் பாதுகாக்க இடமில்லை. பணம் கொடுக்காத ஊர்கள் பாதுகாத்தன.

தனிநாயகம் அடிகளார் 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி வெளியே சொன்னவரும் அவரே. அந்தக் கழகத்தின் வழியாகவே சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் ‘தம்பிரான் வணக்க’த்தை 1963இலும் ‘அடியார் வரலாற்’றை 1967இலும் மறுபதிப்பித்தார். ஒன்று ஊர் திரும்ப 385 ஆண்டு, மற்றது 381 ஆண்டு.

இந்த இழப்பைத் தமிழ் தாங்கும், பேச ஆள் குறையவில்லை. ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சான கொச்சியில் இன்னொரு மொழியின் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. போர்த்துக்கீசியமும் மண்ணின் மொழியும் கலந்து பிறந்த கிரியோலைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2010இல் வைப்பின் தீவில் இறந்தார். ஹூகோ ஷூஹார்ட் என்ற மொழியியலாளர் அந்த மொழியைப் பற்றி 1882இலேயே எழுதி அச்சிட்டிருந்தார். அவருடைய தாள்கள் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. நூலகம் மொழியைப் பேசவைக்காது. ஆனால் பேச நினைப்பவருக்கு முதல் ஏடு அங்கேதான் கிடைக்கும்.

நம் கணக்கில் இன்னும் ஒரு வரி பாக்கி. ஹென்றிக்கஸ் 1549 வாக்கில் எழுதிய தமிழ் இலக்கணம், முத்துக்குளித்துறைப் பேச்சைக் காதால் கேட்டு எழுதியது, லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப்படியாகவே கிடந்தது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் மொழிபெயர்க்க, 2013இல் ஹார்வர்ட் கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. 464 ஆண்டு. அதுவும் ஆங்கிலத்தில்.